க்ளின்டன் ஹில்லில் சின்னதாக ஒரு கோ-ஆப் வாங்குவது எப்படி

நியூயார்க்கில் வீடு தேடும் நம்மவர்கள் பலர் விளம்பரத்தில் கோ-ஆப் (கட்டிடத்தை வைத்திருக்கும் கம்பெனியில் ஷேர் வாங்கிக் குடியிருக்கும் வீடு) என்று பார்த்ததுமே அடுத்ததுக்குப் போய்விடுகிறார்கள். கட்டிடத்தை நடத்துகிற குடியிருப்பாளர்களின் போர்டு வைக்கும் இன்டர்வியூ, பேங்க் கணக்கை அக்கம்பக்கத்தாரிடம் காட்டுவது, பதில் வரும்வரை காத்திருப்பது, இந்த வம்பே வேண்டாம் என்று தனிப் பத்திரத்தோடு வரும் காண்டோ பக்கம் ஒதுங்குகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. ப்ரூக்ளினில் ஃபோர்ட் க்ரீன், க்ளின்டன் ஹில், ப்ராஸ்பெக்ட் ஹைட்ஸ் மாதிரி எல்லோரும் ஆசைப்படுகிற இடத்தில், மாதச் சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகிற விலையில் ஒரு சின்ன வீடு கிடைத்தால் அது பெரும்பாலும் கோ-ஆப்பாகத்தான் இருக்கும்.

நான் க்ளின்டன் ஹில்லில் பழைய செங்கல் கட்டிடம் ஒன்றில், ஒரு படுக்கையறை வீட்டில் இருக்கிறேன். எங்கள் கட்டிடத்து போர்டில் பொருளாளர் வேலையும் பார்க்கிறேன். ஒரு காலத்தில் விண்ணப்பக் கட்டைத் தயார் செய்து கொடுத்தவள், இப்போது மற்றவர்கள் கொடுப்பதை உட்கார்ந்து படிக்கிறேன். அதனால் சொல்கிறேன்: வீடு எப்படி இருக்கிறது என்பது பாதி விஷயம்கூட இல்லை. கட்டிடத்தின் கணக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

எதை வாங்குகிறோம்

கோ-ஆப்பில் வீட்டுக்குத் தனிப் பத்திரம் கிடையாது. கட்டிடம் மொத்தமும் ஒரு கம்பெனியின் பெயரில் இருக்கும். அந்தக் கம்பெனியில் உங்களுக்கு இத்தனை ஷேர் என்று ஒரு சான்றிதழும், இந்த எண்ணுள்ள வீட்டில் நீங்கள் குடியிருக்கலாம் என்று ஒரு லீஸும் தருவார்கள். நியூயார்க்கில் இது நேற்று முளைத்த ஏற்பாடு இல்லை. சன்செட் பார்க்கில் ஃபின்லாந்திலிருந்து வந்த தொழிலாளர்கள் 1916-லேயே ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு இப்படி ஒரு கட்டிடம் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் 1970, 80-களில் ஏராளமான வாடகைக் கட்டிடங்கள் கோ-ஆப்பாக மாறின. இன்று விற்பனைக்கு வருகிற சின்ன வீடுகளில் பல அப்படி மாறியவை.

பத்திரம் இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. காண்டோ வாங்கக் கடன் எடுப்பவர்கள் நகரத்துக்கும் மாநிலத்துக்கும் சேர்த்து அடமானப் பதிவு வரி கட்ட வேண்டும். 5 லட்சம் டாலருக்குக் குறைந்த கடனுக்கு 1.8 சதவீதம், அதற்கு மேல் 1.925 சதவீதம். கோ-ஆப் கடன் ஷேரின் மேல் கொடுக்கப்படுவதால் இந்த வரி வராது. 4.4 லட்சம் டாலர் கடன் என்றால் சுமார் 7,900 டாலர் மிச்சம். பத்திரத்தில் வில்லங்கம் வந்தால் ஈடுகட்டும் டைட்டில் இன்ஷூரன்ஸ் செலவும் பொதுவாக இருக்காது.

அதே சமயம், கம்பெனி பட்ட கடன் உங்கள் கடனும்தான். பக்கத்து வீட்டுக்காரர் மாதப் பணம் கட்டாமல் விட்டால் அந்தப் பள்ளத்தை மற்றவர்கள் நிரப்ப வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு வாங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யார் எப்படி, என்ன கடன் இருக்கிறது என்று விசாரிக்காமல் யாரும் பணத்தை நீட்ட மாட்டோம் இல்லையா?

முதலில் உங்கள் கணக்கு

வீடு பார்க்கக் கிளம்பும் முன் ஒரு தாளில் இதைப் போட்டுப் பாருங்கள். உதாரணமாக விலை 5.5 லட்சம் டாலர், மாத மெயின்டனன்ஸ் (கட்டிடச் செலவுக்காகக் கம்பெனிக்குக் கட்டும் பணம்) 900 டாலர் என்று வைப்போம். டவுன் பேமென்ட் 20 சதவீதம், அதாவது 1.1 லட்சம். மீதி 4.4 லட்சம் கடன். வட்டி 6.5 சதவீதம், 30 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 2,780 டாலர். மெயின்டனன்ஸையும் சேர்த்தால் மாதம் 3,680.

பேங்க் இதற்குச் சம்மதித்துவிடும். போர்டு சம்மதிக்குமா என்பது வேறு கேள்வி. வீட்டுச் செலவும் மற்ற கடன்களும் சேர்ந்து வரிக்கு முந்தைய வருமானத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பல கட்டிடங்கள் பார்க்கும். 28 என்று எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன வீட்டுக்கு ஆண்டு வருமானம் 1.58 லட்சம் டாலர் வேண்டும். அதுவும் கார் கடன், படிப்புக் கடன் எதுவும் இல்லாமல். அடுத்து, வீட்டை வாங்கி முடித்த பிறகும் ஒன்று அல்லது இரண்டு வருடத் தவணையும் மெயின்டனன்ஸும் கட்டுகிற அளவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு வருடம் என்றால் 44,000 டாலர், இரண்டு வருடம் என்றால் 88,000. டவுன் பேமென்டுக்கு மட்டும் பணம் சேர்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

கையில் இருக்கும் பணம் என்றால் பேங்க் சேமிப்பு, உடனே விற்கக்கூடிய பங்குகள், ஃபண்டுகள். 401 கே ஓய்வுக்கணக்கைப் பல போர்டுகள் இதில் சேர்க்காது, அல்லது ஒரு பகுதியை மட்டும் சேர்க்கும். ஊரில் இருக்கும் வீடு, மனை, நகை எதுவும் இந்தக் கணக்கில் வராது. ஊரில் உள்ள பிக்ஸட் டெபாசிட்டைக் காட்டலாம், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள்.

எல்லாக் கட்டிடமும் 20 சதவீதத்தில் நிற்பதில்லை. 25, 30 கேட்பவை உண்டு. ஸ்பான்சர் வீடு என்று விளம்பரத்தில் இருந்தால், கோ-ஆப்பாக மாற்றியவர் இன்னும் கையில் வைத்திருந்து விற்கிற வீடு அது. பொதுவாக போர்டு அனுமதி தேவைப்படாது. விலையில் அதற்கான கூடுதல் இருக்கும், உள்ளே பழுதும் இருக்கலாம். விலை மட்டும் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்து பக்கத்தில் ஹெச்டிஎஃப்சி (நம் ஊர் வங்கி இல்லை) என்று போட்டிருந்தால், அது வருமான வரம்புள்ள கட்டிடம். வரம்புக்குள் வருபவர்களுக்கு அருமையான வாய்ப்பு. கட்டிடம் நிற்கிற நிலமே வேறு ஒருவருடையது, கோ-ஆப் அதற்கு வாடகை கட்டுகிறது என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் திடமான கருத்து. நில வாடகை திருத்தப்படும் ஆண்டில் மெயின்டனன்ஸ் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மெயின்டனன்ஸும் விலைதான்

சின்ன வீடு தேடுபவர்கள் விலையை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். நான் விலையையும் மெயின்டனன்ஸையும் சேர்த்துத்தான் படிப்பேன். 6.5 சதவீத வட்டியில் மாதம் 100 டாலர் என்பது ஏறக்குறைய 15,800 டாலர் கடனுக்குச் சமம். ஒரே தெருவில் இரண்டு வீடு, ஒன்று 5.2 லட்சம், மெயின்டனன்ஸ் 1,150, இன்னொன்று 5.5 லட்சம், மெயின்டனன்ஸ் 850 என்றால், விலை கூடிய வீடுதான் உண்மையில் மலிவு. கடன் ஒரு நாள் தீர்ந்துவிடும், மெயின்டனன்ஸ் தீராது, ஏறிக்கொண்டும் போகும்.

அதற்காக மெயின்டனன்ஸ் ரொம்பக் குறைவாக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். சொத்து வரி, எரிபொருள், இன்ஷூரன்ஸ் எல்லாம் ஏறும்போது ஒரு கட்டிடம் பல வருடமாக மெயின்டனன்ஸை ஏற்றவே இல்லை என்றால், எதையோ பழுது பார்க்காமல் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது உங்கள் காலத்தில் அசெஸ்மென்ட் என்ற பெயரில், மெயின்டனன்ஸுக்கு மேல் தனி வசூலாக வந்து நிற்கும்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, கட்டிடத்தின் பெயரில் உள்ள பொதுக் கடன் எவ்வளவு, எப்போது முடிகிறது. இதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். கம்பெனிக்கு மொத்தம் 30,000 ஷேர், உங்கள் வீட்டுக்கு 400 ஷேர், பொதுக் கடன் 30 லட்சம் டாலர் என்றால், அதில் உங்கள் பங்கு 40,000 டாலர். விலைக்கு மேல் இதையும் வாங்குகிறீர்கள். இந்தக் கடன்கள் பெரும்பாலும் பத்து வருடத் தவணைக்கு எடுக்கப்பட்டு, அசல் அதிகம் குறையாமலேயே முடிவுக்கு வந்து, மறுபடி புதுக் கடனாக மாற்றப்படும். 2020, 21-ல் 3.25 சதவீதத்தில் எடுத்த கடன் 6.5 சதவீதத்துக்கு மாறினால் வட்டி மட்டும் ஆண்டுக்கு 97,500 டாலரிலிருந்து 1,95,000 ஆகும். உங்கள் பங்குக்கு மாதம் 108 டாலர் கூடும். விளம்பரத்தில் உள்ள மெயின்டனன்ஸ் இன்றைய மெயின்டனன்ஸ். கடன் முடியும் ஆண்டு தெரிந்தால்தான் நாளைய மெயின்டனன்ஸ் தெரியும்.

கீழ்த்தளத்தில் காபிக் கடையோ ஒயின் பாரோ இருந்தால், அந்த வாடகை யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கோ-ஆப்புக்குப் போனால் நல்லது, அதனால்தான் மெயின்டனன்ஸ் குறைவாக இருக்கும். ஆனால் கடையின் லீஸ் எப்போது முடிகிறது என்றும் கேளுங்கள். கடை காலியாகக் கிடக்கும் மாதங்களில் அந்தப் பணத்தை ஷேர்காரர்கள்தான் போட வேண்டும். கடைகள் வருவதும் மூடுவதும் அதிகமாக நடப்பது இப்படிப்பட்ட பிரபலமான தெருக்களில்தான்.

நகரச் சட்டங்கள் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டிடங்கள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளிச்சுவரைப் பரிசோதித்துப் பழுது பார்க்க வேண்டும்; இதைப் பழைய பெயரிலேயே எல்லோரும் லோக்கல் லா 11 என்பார்கள். நடைபாதையில் நிற்கும் பச்சைப் பலகைக் கூரை பெரும்பாலும் இதற்காகத்தான். அடுத்தது 2019-ல் வந்த லோக்கல் லா 97. பொதுவாக 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டிடங்களுக்குக் கரியமில வெளியீட்டில் வரம்பு வைக்கிறது. 2024-ல் தொடங்கிவிட்டது, 2030-ல் இன்னும் இறுகும். வரம்பை மீறினால் ஒரு டன்னுக்கு ஆண்டுக்கு 268 டாலர் அபராதம். எண்ணெய் எரிக்கும் பழைய பாயிலர் உள்ள கட்டிடம் என்றால் இதற்கு என்ன திட்டம் என்று கேட்டே ஆக வேண்டும்.

சின்னக் கட்டிடம் என்றால் இந்தச் சட்டங்களிலிருந்து தப்பலாம். ஆனால் தோள் கொடுக்க ஆள் குறைவு. 2 லட்சம் டாலர் கூரை வேலை, 100 வீடு உள்ள இடத்தில் ஆளுக்குச் சராசரி 2,000. பத்து வீடு உள்ள இடத்தில் 20,000. க்ளின்டன் ஹில்லில் 1940-களின் தொடக்கத்தில் கடற்படைத் தளத்து ஆட்களுக்காகக் கட்டிய பெரிய கட்டிடங்களும் உண்டு, பழைய வீட்டைப் பிரித்த குட்டிக் கோ-ஆப்புகளும் உண்டு. முகப்பின் அழகில் இரண்டாவது வகைதான் மனதை இழுக்கும். வாங்குபவர் சேமிப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் நான் யோசனை சொல்வேன்.

போர்டு கூட்டக் குறிப்புகள்

இரண்டு வருடத் தணிக்கைக் கணக்கும், போர்டு கூட்டக் குறிப்புகளும் உங்கள் வக்கீல் படித்தாக வேண்டும். கணக்கில் பார்க்க வேண்டியவை: ரிசர்வ், அதாவது கட்டிடத்தின் சேமிப்பு எவ்வளவு, நிலுவை வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், ஏதாவது வழக்கு நடக்கிறதா, எத்தனை வீடுகளில் சொந்தக்காரர்களே இருக்கிறார்கள். ஸ்பான்சரிடமே நிறைய வீடு தங்கியிருந்தால் சில பேங்குகள் கடன் தராது. நாளை நீங்கள் விற்கும்போதும் அதே தொல்லை.

கூட்டக் குறிப்பில்தான் உண்மை வெளியே வரும். ஒரு தோழிக்கு அவள் வக்கீல் படித்து எழுதி அனுப்பிய குறிப்பை என்னிடம் காட்டினாள். மார்ச் கூட்டத்தில், மேல்மாடி வீட்டில் கூரைக் கசிவு, ஒட்டுப் போடப்பட்டது. ஜூனில் அதே வீட்டில் அதே கசிவு. அக்டோபரில், கூரைக்கு மூன்று இடத்தில் மதிப்பீடு வாங்குவது என்று முடிவு. அடுத்த பிப்ரவரியில், மதிப்பீடு எதிர்பார்த்ததைவிட அதிகம், அடுத்த ஆண்டு பார்க்கலாம். வீட்டு விளம்பரத்தில் மாடித் தோட்டத்தின் படம்தான் முதல் படம். அவள் வாங்கவிருந்த வீட்டுக்கு நேர் மேலேதான் அந்தத் தோட்டம். விலையைக் குறைத்துத் தரவும் விற்பவர்கள் தயாராக இருந்தார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டு, அதே தெருவில் லாபியில் ட்யூப்லைட் எரிகிற, மூன்று வருடம் முன் கூரை மாற்றிய ஒரு கட்டிடத்தில் வாங்கினாள். எனக்கு அது மிகச் சரியான முடிவாகப்பட்டது.

வக்கீலுக்கு முன்பே நீங்களும் பார்க்கலாம். கட்டிடத் துறை தளத்தில் முகவரியைப் போட்டால் பாயிலர், லிஃப்ட், வெளிச்சுவர் குறித்த புகார்களும் அபராதங்களும் வரும். வீட்டுவசதித் துறை தளத்தில் வெந்நீர் வரவில்லை, மூட்டைப்பூச்சி மாதிரியான புகார்கள் இருக்கும். ஏக்ரிஸ் என்ற நகரப் பதிவுத் தளத்தில் அந்தக் கட்டிடத்தில் வீடுகள் விலைபோன விவரம் கிடைக்கும். எல்லாம் இலவசம்.

வீட்டுக்குள் போகும்போது

யார் வேண்டுமானாலும் வந்து வீட்டைப் பார்க்கலாம் என்கிற ஓபன் ஹவுஸ் ஞாயிறு மதியம் வைப்பார்கள். அப்போது தெரு அமைதியாக இருக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அதே ஜன்னலுக்குக் கீழே போய் நின்று பாருங்கள். டிகால்ப் அவென்யூ, மர்ட்டில் அவென்யூ பக்கம் பார்களும் உணவகங்களும் வரிசையாக இருக்கின்றன. ஒரு தெரு உள்ளே தள்ளினால் சத்தம் பாதியாகிவிடும். வேலை நாள் காலையிலும் ஒருமுறை வந்து ரயில் ஏறிப் பாருங்கள். ஜி ட்ரெயின் மன்ஹாட்டனுக்குள் போகாது. ஃபுல்டன் தெருவில் சி ட்ரெயின் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது தினசரி வாழ்க்கையை மாற்றும்.

ஜன்னல் பக்கத்து மனையின் எல்லையை ஒட்டிய சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட ஜன்னலை, பக்கத்து மனையில் கட்டிடம் எழும்பினால் செங்கல் வைத்து அடைக்க வேண்டி வரலாம். பிரபலமான பகுதியில் ஒரு மாடிக் கடைக்குப் பக்கத்தில் வெளிச்சமாக இருக்கிற வீடு என்றால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

நம் சமையலுக்கு முக்கியமான சோதனை ஒன்று. அடுப்புக்கு மேல் உள்ள ஹூட் புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி அதே அறைக்குள் திருப்பி விடுகிறதா? பழைய கட்டிடங்களில் பெரும்பாலும் இரண்டாவது வகைதான். ஐநூறு சதுர அடியில் கருவேப்பிலையும் காய்ந்த மிளகாயும் தாளித்தால் மெத்தை வரை வாசனை போய்விடும். சமையலறைக்கு ஜன்னல் இருந்தால் அது எனக்குப் பளிங்கு மேடையைவிடப் பெரிது. பாத்ரூம் காற்றுத் துவாரத்தில் ஒரு டிஷ்யூ தாளை வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொண்டால் வேலை செய்கிறது. மின் பெட்டியைத் திறந்து எத்தனை பிரேக்கர் என்று எண்ணுங்கள்; ஏசியும் கிரைண்டரும் மைக்ரோவேவும் ஒரே இணைப்பில் தாங்காது. கட்டிடத்தில் காஸ் இணைப்பு ஓடுகிறதா என்றும் கேளுங்கள். எங்காவது கசிவு கண்டுபிடித்து மூடிவிட்டால் திரும்பத் திறக்க மாதக்கணக்கில் ஆகும்.

சட்டதிட்டங்கள்

ஹவுஸ் ரூல்ஸ், லீஸ் இரண்டையும் விலை பேசும் முன்பே கேட்டு வாங்குங்கள். நம்மவர்களுக்கு முதல் கேள்வி, அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கலாமா? வழக்கமான லீஸில் துணை, பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் உங்களோடு சேர்ந்து வசிக்க அனுமதி இருக்கும். மற்ற விருந்தினர் ஒரு மாதத்துக்கு மேல் தங்க அனுமதி கேட்க வேண்டியிருக்கும். நீங்கள் இல்லாமல் அவர்கள் மட்டும் தனியாகத் தங்குவது வேறு விஷயம், அதை எழுத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விடுவது பற்றிய விதி அடுத்தது. வாங்கி இரண்டு வருடம் கழித்துத்தான், ஐந்தில் இரண்டு வருடம் மட்டும் என்கிற மாதிரி கட்டுப்பாடு சகஜம். விசா நிலைமையால் ஊர் மாற வாய்ப்புள்ளவர்கள் இதை ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். விற்கும்போது கம்பெனிக்குக் கட்டும் ஃப்ளிப் டாக்ஸ், வீட்டுக்குள் வாஷிங் மெஷின் வைக்க அனுமதி, தரையில் 80 சதவீதம் கம்பளம் விரிக்க வேண்டும் என்ற விதி, இதெல்லாம் வேகமாகப் பார்த்துவிடலாம்.

விலை பேசி ஒப்பந்தம் வரை

வாங்குபவர் புரோக்கரை வைத்துக்கொண்டால் அவர் கமிஷனை யார் கொடுப்பது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். நியூயார்க்கில் வாய்மொழியாக விலை ஒத்துக்கொண்டதற்கு மதிப்பில்லை. கையெழுத்தாகும் வரை இரு தரப்பும் விலகலாம். அதனால் கோ-ஆப் மட்டுமே அதிகம் பார்க்கும் வக்கீலைத் தேடும் படலத்தை முன்பே முடித்து வைத்திருங்கள். கையெழுத்தின்போது 10 சதவீதம் விற்பவரின் வக்கீலிடம் எஸ்க்ரோவில் (யாரும் தொடாமல் பத்திரமாக வைக்கும் கணக்கில்) போய் நிற்கும். ஒப்பந்தத்தில் இரண்டு பாதுகாப்பு இருக்க வேண்டும்: கடன் கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வரும், போர்டு மறுத்தால் பணம் திரும்ப வரும். இரண்டாவது வழக்கமாக இருக்கும். முதலாவதைப் போட்டி அதிகமான இடத்தில் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். நான் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். க்ளோசிங்குக்கு (வீடு கைமாறும் நாளுக்கு) முன் தீர்மானமான அசெஸ்மென்டை விற்பவரே கட்ட வேண்டும் என்றும் வக்கீலிடம் கேட்கச் சொல்லுங்கள்.

போர்டுக்குக் கொடுக்கும் கட்டு

"அக்கா, என் பேங்க் கணக்கை அவங்க ஏன் பார்க்கணும்?" என்று கேட்காதவர்களே இல்லை. நீங்கள் கட்டாத மாதம் அவர்கள் கட்ட வேண்டும் என்பதுதான் காரணம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கட்டை எப்படித் தயாரிப்பது என்று தானாகத் தெரியும்.

வழக்கமாகக் கேட்பவை: சொத்து, கடன் விவரப் படிவம், இரண்டு அல்லது மூன்று வருட வரி ரிட்டர்ன், சில மாத பேங்க் ஸ்டேட்மென்ட், வேலைச் சான்று, இப்போதைய வீட்டுக்காரரின் கடிதம், நண்பர்கள், உடன் வேலை செய்பவர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதங்கள். படிப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், நாங்கள் முதலில் செய்வது எண்களை ஒப்பிடுவது. படிவத்தில் சேமிப்பு 92,400 என்று இருந்தால் ஸ்டேட்மென்டிலும் அதே 92,400 இருக்க வேண்டும். தேதி மாறியதால் தொகை மாறியிருந்தால் ஒரு வரி விளக்கம் எழுதி வையுங்கள். ஸ்டேட்மென்டில் எல்லாப் பக்கமும், காலிப் பக்கம் உட்பட, இருக்கட்டும். பக்கம் குறைந்தால் சந்தேகம் வராவிட்டாலும் திரும்பக் கேட்பார்கள், மூன்று வாரம் போய்விடும்.

திடீரென்று வந்த பெரிய தொகைதான் அதிகம் கேள்வி எழுப்புவது. நம் விஷயத்தில் அது அப்பா அனுப்பிய பணமாக இருக்கும். இந்தியாவில் வசிப்பவர் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பணத்தை வீடு தேடத் தொடங்கும் முன்பே, மூன்று நான்கு மாதம் முந்தியே, இங்கே கொண்டு வந்து வையுங்கள். திருப்பித் தர வேண்டியதில்லை, இது அன்பளிப்பு என்று அப்பாவிடம் கடிதம் வாங்குங்கள். அப்பா எங்கிருந்து பணம் எடுத்தார் என்பதற்கு ஒரு தாளும் இணைத்தால் நல்லது. வெளிநாட்டில் உள்ளவரிடமிருந்து ஒரே ஆண்டில் 1 லட்சம் டாலருக்கு மேல் அன்பளிப்பு வந்தால் 3520 என்ற படிவத்தில் அமெரிக்க வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வரி இல்லை, ஆனால் தெரிவிக்காவிட்டால் அபராதம் கடுமையானது. சில கட்டிடங்கள் அன்பளிப்பை ஏற்பதே இல்லை, புரோக்கரிடம் முன்பே கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தில் 'மிக நல்லவர்' என்று எழுதுவதால் பயனில்லை. எத்தனை வருடப் பழக்கம், பக்கத்து வீட்டில் இருந்தபோது எப்படி இருந்தார், கொடுத்த பணத்தைச் சொன்ன தேதியில் திருப்பினாரா என்று ஒரு நண்பர் எழுதியிருந்தால் நாங்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவோம்.

இன்டர்வியூ

கூப்பிட்டார்கள் என்றால் கணக்கு பிடித்துவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம். அரை மணி நேரம் பேசுவார்கள். என்ன வேலை, ஏன் இந்தப் பகுதி, வீட்டிலிருந்தே வேலை செய்வீர்களா, நாய் உண்டா என்று கேட்பார்கள். உங்கள் கட்டை ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். தம்பதியாகப் போனால் பணம் பற்றிய கேள்விக்கு யார் பதில் சொல்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சுவரை இடிப்பது, சமையலறையை மாற்றுவது பற்றி அங்கே பேச வேண்டாம். கட்டிடத்தைப் பற்றிய கேள்விகளை வக்கீல் மூலம் முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும்.

போர்டு மறுத்தால் பெரும்பாலும் காரணம் சொல்வதில்லை. ஆனால் இனம், மதம், பிறந்த நாடு, குடியுரிமை அல்லது குடியேற்ற நிலை காரணமாக மறுக்க நகரத்தின் மனித உரிமைச் சட்டம் அனுமதிப்பதில்லை. எச்1பி விசா என்று ஒளிக்கவும் வேண்டாம், அதற்காகக் கூசவும் வேண்டாம். அப்படி ஒரு காரணம் இருப்பதாகத் தோன்றினால் நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம்.

க்ளோசிங்

விலை ஒத்துக்கொண்டதிலிருந்து சாவி வாங்கும் வரை இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். க்ளோசிங்குக்கு முந்தைய நாளோ அன்று காலையோ வீட்டுக்குப் போய் எல்லாக் குழாயையும் திறந்து, அடுப்பைப் பற்றவைத்து, ரேடியேட்டர் வால்வுக்குக் கீழே தரை ஊறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். வக்கீல், பேங்கின் வக்கீல், கட்டிட நிர்வாகத்தைப் பார்க்கும் மேனேஜிங் ஏஜென்ட், ஷேர் மாற்றம், குடிபுகும் டெபாசிட் எனத் தனித்தனிக் காசோலைகள் கேட்பார்கள். பட்டியலை ஒரு வாரம் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். விலை 10 லட்சம் டாலரைத் தொடாதவரை, விலை கூடிய வீடுகளுக்குப் போடும் மேன்ஷன் டாக்ஸ் வராது.

குடிபுகுந்த வாரமே மேனேஜிங் ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, இது உங்கள் முதன்மைக் குடியிருப்பு என்று நகர வரித் துறைப் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். கோ-ஆப், காண்டோவில் சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்குச் சொத்து வரியில் 17.5 முதல் 28.1 சதவீதம் வரை தள்ளுபடி உண்டு, கட்டிடம்தான் அதற்கு விண்ணப்பிக்கும். பிப்ரவரி நடுவில் அந்தக் கெடு வரும். அந்தத் தள்ளுபடிக்குச் சமமான தொகையை அசெஸ்மென்டாகப் போட்டு ரிசர்வில் சேர்க்கிற கட்டிடங்களும் உண்டு, எங்களுடையதும் அப்படித்தான். அது எந்த மாத பில்லில் வரும் என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.